சிற்பாசிரியர் தேவி பிரசாத் ராய் சௌதுரி

சென்னைக் கடற்கரைக்குச் சென்றுவந்த நம்மவருள் உழைப்பாளர் சிலையைக் கண்டிராதவர் அரியர். பெரும்பாறை ஒன்றை நால்வர் நெம்பிப் பெயர்க்க முயலும் அத்தோற்றத்தின் முன் நின்று படம் பிடித்துக்கொள்வோரும் பலர். அதனை ஆக்கிய கைகள் எவருடையவை என்று வினவினாலோ, விடை கூற வல்லார் மிகச் சிலரே. அச்சிற்பி தமிழரல்லர், வங்காளத்தில் ஒரு ஜமீன் குடும்பத்தில் தோன்றி, தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் சென்னையிற் கழித்து, நம் நாட்டுப் பிள்ளைகட்குக் களிமண்ணைக் கையாளக் கற்பித்த ஆசிரியர். அவர் சரித்திரத்தை இவ்விதழில் வரையக் கருதினோம். இதற்கு ஒரு காரணமும் உண்டு. ஓசூர், சானமாவு, இராயக்கோட்டைப் பக்கங்களில் வாழும் நம் அன்பர்களிற் பலர், பள்ளியில் சித்திர வகுப்பு வீண்பொழுது என்றும், அவ்வகுப்பிலே பிள்ளை மண்ணைப் பிசைவது தாழ்வு என்றும் எண்ணுகின்றனர். பட்டணம் சேர்ந்து பரீட்சை தேறி உத்தியோகம் பெறவேண்டிய பையன் சேற்றில் கைவைப்பதேன் என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. மண்வேலையால் இழிவுண்ட குடிகளில் பிறந்தோர்க்கு அக்கேள்வி எழாமற்போனாற்றான் வியப்பு.

ராய் சௌதுரி 1899-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15-ஆம் தேதி, ரங்கபூர் ஜில்லாவைச் சேர்ந்த தாஜ்ஹாட் என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் இக்காலத்து வங்காள தேசத்தில் உள்ளது. அவர் செல்வக் குடியிற் பிறந்தவர். இளமையிலேயே சித்திரத்தில் நாட்டங் கொண்டு கல்கத்தாவில் அவனீந்திரநாத தாகூரிடம் மாணாக்கராய் அமர்ந்தார். மேனாட்டு முறையில் உருவெழுதும் வித்தையை ஓர் இத்தாலிய ஓவியரிடமும், சிற்பத்தை லண்டனிற் பயின்று திரும்பிய ஹிரண்மய ராய் சௌதுரியிடமும் கற்றார். உடலும் கலைக்கேற்ப வலியுடையது. மற்போரில் பயிற்சியுள்ளவர், வேட்டையில் விருப்பமுடையவர், குழலும் ஊதுவார், வங்காளியில் கதைகளும் எழுதினார். இவையெல்லாம் ஒருவரிடத்தே கூடியிருந்தமை விந்தையன்று என்பது நம் கருத்து. ஆளுயர உருவத்துக்கு வேண்டிய களிமண்ணைப் பல மணங்கு சுமந்து ஏற்றி அப்புவோர்க்கு மல்லரின் தோளும் வேண்டும். குழலூதுவோரின் விரல் நுண்மையும் வேண்டும்.

1929-ஆம் ஆண்டு சென்னை அரசாங்கச் சித்திரத் தொழிற் கலாசாலையின் தலைமைப் பதவி அவரை வந்தடைந்தது. அதுகாறும் அப்பதவியில் மேனாட்டாரே இருந்துவந்தனர். இந்தியர் ஒருவர் அதில் அமர்ந்தது அதுவே முதன்முறை. அக்கலாசாலையின் பூர்வோத்தரத்தைச் சிறிது கூறாமல் மேற்செல்லுதல் தகாது. இராணுவ வைத்தியராய்ச் சென்னையிலிருந்த அலெக்ஸாண்டர் ஹண்டர் என்பார், 1850-ஆம் ஆண்டு தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அதனைப் பாப்பம்ஸ் பிராட்வேயில் தொடங்கினார். மறு ஆண்டு கைத்தொழிற் பகுதி ஒன்றையும் சேர்த்தார். அன்றாட வாழ்வுக்கு உதவும் பொருள்களை நன்கு ஆக்கும் பயிற்சி அங்கே தரப்பட்டது. நம் நாட்டு மண்வகைகளைச் சோதித்துக் கலம் செய்வதும் அதனுட் சேர்ந்தது. சில ஆண்டுகளில் அரசாங்கத்தார் அதனை ஏற்று நடத்தலாயினர். பின்னர் 1884-இல் வந்த ஈ. பி. ஹாவெல் என்பவர் நம் கைவினைகளின் சிறப்பை உணர்ந்து அவற்றை ஆதரித்தார். அவரே 1896-இல் கல்கத்தாவுக்கு மாறிச் சென்று, 1905-ஆம் ஆண்டு அவனீந்திரநாதரை அங்கே துணைத் தலைவராக அமர்த்தினார். அவ்வவனீந்திரரின் மாணாக்கர் கால் நூற்றாண்டு கழித்து ஹாவெல் விட்டுச்சென்ற சென்னை நாற்காலிக்கே வந்து சேர்ந்தார். கல்வியின் கடன் இங்ஙனம் சுற்றிவருவதும் உண்டு.

அவர் வந்த காலத்தில் அக்கலாசாலை பெரும்பான்மையும் தொழிற்கூடமாயிருந்தது. உலோக வேலை, மரவேலை, நகை வேலை முதலியவற்றில் ஒருவகைப் பொருளைப் பழகிய வழியிலேயே செய்து பழகுவர். ராய் சௌதுரி அப்போக்கை மாற்றினார். உயிருள்ள மனிதரை முன்னிருத்தி உருவெழுதுதல், களிமண்ணால் உருவமைத்தல், தன்மனத்தில் தோன்றியதைத் துணிந்து செய்தல் ஆகியவற்றுக்கு முதலிடம் தந்தார். கலாசாலை வளவிலேயே குடியிருந்து, மாணவர் காணத் தம் வேலையையும் செய்தார். ஆசிரியர் பேசிக் கற்பிப்பதினும், செய்வதை அருகிருந்து காண்பது மாணவர்க்குப் பன்மடங்கு பயன்தரும் என்பதை நம் ஊர்க் கொல்லரும் தட்டாரும் நெடுங்காலம் அறிவர். இம்மாறுதலால் கைத்தொழிற் பகுதி இரண்டாம் இடத்துக்கு இறங்கியது என்று குறை கூறுவாரும் உளர். அக்குறையில் உண்மையில்லாமலில்லை. கலம் வனைவோனை விட்டுச் சிலை செய்வோனை மட்டும் கலைஞன் என்றழைக்கும் வழக்கம் அக்காலத்திலேயே வேரூன்றியது. அதன் கேட்டை நாம் இன்னும் அனுபவிக்கின்றோம். எனினும் அவரிடம் பயின்றோரின் பெயர்களைக் கேட்டால் குறை கூறுவோரும் சிறிது தயங்குவர். பிரதோஷ் தாஸ்குப்தா, பரிதோஷ் சென் ஆகியோர் வங்காளத்திலிருந்து அவரை நாடிச் சென்னைக்கே வந்தனர். கோயமுத்தூரிற் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர் 1936-இல் மாணவராய்ச் சேர்ந்து, 1957-இல் அவருக்குப் பின் தலைமைப் பதவியை ஏற்று, 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவினார். மயிலாப்பூரில் வளர்ந்த எஸ். தனபாலும் அவர் காலத்து மாணவரே. பின்னாளில் அக்கலாசாலைக்கே தலைவராயினார்.

இவ்விடத்தே வாசகர் ஒரு வேறுபாட்டை உணர்தல் நலம். நம் ஸ்தபதியார் கல்லைச் செதுக்குவர். வேண்டாததை நீக்கி வேண்டியதை நிறுத்துவர். ஓர் உளி தவறினால் திருத்தம் இல்லை. ராய் சௌதுரி செய்தது வேறு முறை. மரத்தாலும் கம்பியாலும் எலும்புக்கூடு போல் ஒரு சட்டம் நிறுத்தி, அதன்மேல் ஈரக்களிமண்ணை உருண்டை உருண்டையாய் அப்பி, விரலாலும் மரக்கத்தியாலும் உருத்திருத்துவர். தவறினால் அள்ளியெடுத்து மீண்டும் அப்பலாம். உரு முற்றியபின் அதன்மேற் பாரிஸ் சாந்தைப் பூசி அச்செடுத்து, அச்சிலிருந்து சாந்துருவம் வார்த்து, அதனைக் கொண்டு வெண்கலத்தில் வார்ப்பர். கடற்கரையில் நாம் காணும் வெண்கலம் முழுவதும் முதலிற் சேறாயிருந்தது. உற்று நோக்குவோர்க்கு அவர் விரல் அழுந்திய மேடுபள்ளங்கள் அவ்வுடல்களின் தசைகளில் இன்றும் புலப்படும். பிரெஞ்சு தேசத்துச் சிற்பி ரோடின் என்பாரின் வழியைப் பின்பற்றினார் என்று விமரிசகர் கூறுவர். மெருகிடாத மேற்பரப்பும், உடலின் முறுக்கும் அவ்வழியினவே. ஆயினும் ரோடின் காணாத உடல்களை இவர் கண்டார். பசித்தவர், முதுமையால் குளிரில் ஒடுங்கியவர், சுமையேற்றிய கூலியாள் ஆகியோரை வடித்தார். கவர்னர்களுக்கும் பிரபுக்களுக்கும் உருவச்சிலை செய்து பொருளீட்டிய அதே கைகள், எவரும் விலைகொடுத்து ஆக்கச் சொல்லாத ஏழைகளின் உருவங்களையும் வனைந்தன.

அவருடைய வேலைகளில் நம் போன்ற சங்கத்தார் மறக்கலாகாதது ஒன்று உண்டு. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி திருவாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேச விளம்பரத்தை வெளியிட்டார். தலைமுறை தலைமுறையாகக் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தோர்க்கு அன்று கதவு திறந்தது. அந்நிகழ்ச்சியை வெண்கலப் புடைப்புச் சிற்பமாக வடித்தவர் ராய் சௌதுரி. பாட்னாவில் உள்ள தியாகிகள் சின்னமும் அவருடையதே. 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் தேதி, அவ்வூர்ச் செக்ரடேரியட் கட்டடத்தில் தேசியக்கொடி ஏற்றச் சென்ற மாணவர் எழுவர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். எழுவரையும் ஒருவர்பின் ஒருவராய், விழுவாரும் முன்னேறுவாருமாய் அவர் அமைத்தார். 1956-இல் இராஷ்டிரபதி ராஜேந்திர பிரசாத் அதனைத் திறந்துவைத்தார். அவ்வெழுவருட் பலர் இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளைகளே என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு கனக்கின்றது.

உழைப்பாளர் சிலை 1959-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி, காமராஜர் முதன்மந்திரியாயிருந்த காலத்தில் நிறுவப்பட்டது. அக்கடற்கரைக்கும் தொழிலாளர்க்கும் தொடர்பு அதற்கு முன்னரே உண்டு. 1923-ஆம் ஆண்டு சிங்காரவேலர் இந்நாட்டில் முதன்முதல் மே தினத்தைக் கொண்டாடியது சென்னைக் கடற்கரையிலேதான். சிலைக்கு மாதிரியாக நின்றோரில் ஒருவர் கலாசாலையின் இரவுக் காவலாளர். மற்றொருவர் அங்குப் பயின்ற மாணவர். இச்செய்தி நமக்கு மிக்க உவகை தருகின்றது. கடவுளுக்கும் மன்னர்க்கும் மாத்திரம் உரியதாயிருந்த பீடத்தின்மேல், இரவெல்லாம் வாயில் காத்தவரின் உடல் ஏறிற்று. கோவணம் உடுத்த நால்வருக்கும் பெயரில்லை. எவ்வூரார், எக்குலத்தார் என்பதற்கு எவ்வடையாளமுமில்லை. பாறைமட்டும் எங்கும் உள்ள பாறை. கிருஷ்ணகிரி ஜில்லாவிலே கருங்கல் அறுக்கும் குவாரிகளில் வேலை செய்யும் நம்மவர், கல் அசையுமுன் உடல் எங்ஙனம் வளையும், எந்தக் கால் எங்கே ஊன்றும் என்பதை நூலிற் படிக்கவேண்டுவதில்லை. அவர்கள் அச்சிலையை ஒருமுறை பார்த்தால், சிற்பி எவ்விடத்தே உண்மை கண்டார், எவ்விடத்தே மிகைப்படுத்தினார் என்று நம்மினும் திறம்படச் சொல்லக்கூடும். அதே 1959-ஆம் ஆண்டு அக்கடற்கரையில் அவர் ஆக்கிய மகாத்மா காந்தியின் சிலையும் திறக்கப்பட்டது.

இனி நாம் முதலிற் குறித்த கேள்விக்கு வருவோம். பள்ளியில் மண்ணைப் பிசைவது தாழ்வா?

இக்கேள்விக்கு நம் பக்கத்து வரலாறு ஒன்று துணைபுரியும். சானமாவுக்கு அணித்தாகிய தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர் ராஜாஜி. அவர் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாயிருந்த 1953-ஆம் ஆண்டு, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாடநேரத்தைச் சுருக்கி, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் தத்தம் வீட்டுத்தொழிலைப் பழகுமாறு ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளியில் இடம் பற்றாமை, ஆசிரியர் பற்றாமை, கைத்தொழிலின் மதிப்பு ஆகியவை அதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. நாடெங்கும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. குலக்கல்வித் திட்டம் என்றே மக்கள் அதற்குப் பெயரிட்டனர். குயவன் பிள்ளை குயவனாகவும், வண்ணான் பிள்ளை வண்ணானாகவுமே இருந்துவிட வேண்டுவதுதானோ என்பதே எதிர்த்தோரின் வாதம். 1954-இல் காமராஜர் பதவிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. அவ்வெதிர்ப்பு நியாயமானதென்றே நாம் கருதுகின்றோம். ஆனால் அதன் நிழல் நீண்டுவிட்டது. கைத்தொழில் என்ற சொல்லைப் பள்ளியிற் கேட்டாலே நம்மவர் ஐயுறுகின்றனர். அவ்வாண்டுகளில் எழும்பூருக்கு அணித்தாகிய கலாசாலையிலோ, ஜமீன் வீட்டுப் பிள்ளையாகிய தலைவர் முழங்கை வரை சேறாய் நின்றுகொண்டிருந்தார். ஒருவனுடைய குலத்தைக் காட்டி அவனிடம் மண்ணைத் தருவது ஒன்று. எல்லாக் குலத்துப் பிள்ளைகளையும் ஒரே பலகையின் முன் அமர்த்தி அனைவர்க்கும் மண்ணைத் தருவது முற்றிலும் வேறு. முன்னதை மறுத்த நாம் பின்னதையும் சேர்த்து மறுத்துவிடலாகாது.

சானமாவுப் பக்கத்துப் பிள்ளைகட்கு இவ்வகுப்பிற்கு வேண்டிய பொருள் யாவும் வாயிலிலேயே உள்ளன. ஏரிக்களிமண் விலைக்கு வாங்கவேண்டுவதில்லை. கண்ணாற் கண்டு பழக வேண்டிய உருவங்களும் குறைவல்ல. கேழ்வரகு விளையும் பருவத்தில் சானமாவுக் காட்டில் வந்து தங்கும் யானைக் கூட்டத்தை அப்பிள்ளைகள் அறிவர். அதனால் விளையும் அச்சத்தையும் நஷ்டத்தையும் அவர் பெற்றோர் அதனினும் நன்கு அறிவர். வயலோரத்து நடுகற்களில் வாளோங்கி நிற்கும் வீரரையும் அவர் கண்டிருப்பர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் வகுப்பில், மண் எம்மொழியாருக்கும் பொது.

பிள்ளை முதலிற் செய்ய விரும்புவது யானையே. அதனைச் செய்யும் முறையைச் சற்று விரித்துக் கூறுவோம். ஏனெனில் முதல் யானை உடைந்துபோனால் பெரும்பாலும் இரண்டாம் யானை பிறப்பதில்லை. ஏரிமண்ணை உலர்த்தி இடித்துச் சலித்து, நீரில் ஊறவைத்து, மிகுதி நீரை வடித்து, ரொட்டி மாவினும் சிறிது இறுகலாய்ப் பிசைதல் வேண்டும். பிசைவது காற்றுக்குமிழ் நீங்குதற்பொருட்டு. சிறிது மெல்லிய மணலும் சேர்ப்பது வெடிப்பைத் தடுக்கும். சுடுவதற்கான உருவத்துக்குள் மரமோ கம்பியோ வைத்தலாகாது. மண் உலர்ந்து சுருங்கும்போது உள்ளிருக்கும் கம்பி சுருங்காது, ஆதலின் உருப் பிளக்கும். ராய் சௌதுரியின் சட்டமுறை அச்செடுக்கும் உருவங்களுக்கே ஏற்றது. யானையின் கால்கள் தடித்த தூண்களாய் இருக்கட்டும். துதிக்கை அந்தரத்தில் நீளாமல் முன்காலைத் தொட்டு நிற்கட்டும். ஒட்டும் இடங்களில் இரு பக்கமும் கீறி, குழைத்த சேற்றைத் தடவி அழுத்தினாலன்றிக் காது உதிர்ந்துவிடும். உரு சற்று இறுகியபின் வயிற்றின் கீழிருந்து குடைந்து, ஒரு விரற்கடைக் கனமுள்ள சுவராக விடல்வேண்டும். இது அய்யனார் கோயிற் குதிரைகளைச் செய்வோர் தொன்றுதொட்டு அறிந்த நுட்பம். ஆளினும் உயர்ந்த அக்குதிரைகளின் உள்ளே வெறும் வெளியே உள்ளது.

பின்னர் நிழலில், வெயில் படாமல், ஒரு வாரமேனும் உலரவேண்டும். பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லாமையால் பெரும்பாலான உருவங்கள் இக்கட்டத்திலேயே அழிகின்றன. ஈரம் எஞ்சியிருக்கச் சூளையிலிட்டால், நூறு பாகையைத் தாண்டியதும் நீர் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து உருவை வெடிக்கச் செய்யும். ஐந்நூறு, அறுநூறு பாகை அளவில் மண்ணோடு இரண்டறக் கலந்திருக்கும் நீரும் நீங்கும். அதன்பின் அம்மண் எவ்வளவு ஊறினும் மீண்டும் சேறாகாது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளும் கீழடி மட்கலங்களும் ஈராயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுள் கிடந்தும் கரையாமைக்கு இதுவே காரணம். கிராமத்துச் சூளையில் எழுநூறு முதல் தொள்ளாயிரம் பாகை வரை வெப்பம் ஏறும். வைக்கோலும் வறட்டியும் விறகும் போதும். பீங்கானுக்கு ஆயிரத்திருநூறுக்கும் மேல் வேண்டுமாதலின் அது பள்ளிக்கு எட்டாது, எட்டவேண்டுவதுமில்லை.

சூளைக்குப் பள்ளியார் அருகிலுள்ள குயவரையே நாடவேண்டும். அவரை வாயிலில் நிறுத்தி உருவங்களைக் கொடுத்தனுப்புதல் போதாது. ஒரு நாளேனும் அவரை வகுப்புக்குள் அழைத்து, நாற்காலி இட்டு அமர்த்தி, பிள்ளைகள் ஐயா என்று விளித்து அவரிடம் பாடங் கேட்டல் வேண்டும். சென்னைக் கலாசாலை ஒரு காலத்தில் கலம் வனைவோரைப் பின்வரிசைக்கு அனுப்பியதை மேலே கூறினோம். அக்குறையை ஓசூர்ப் பக்கத்து ஆரம்பப் பள்ளி தீர்த்துவைக்கத் தடையொன்றுமில்லை. தொழிற்சாலைகளுக்குச் சென்றுவரும் பெற்றோரும் அன்று வந்து காணலாம். இயந்திரத்தை இயக்கும் கைக்கும் மண்ணை வனையும் கைக்கும் அளவறியும் கூர்மை பொதுவாதலின், அவர்களே பிள்ளைகட்கு நல்ல யோசனை சொல்லவும் கூடும்.

ராய் சௌதுரியின் பிற்கால வாழ்வைச் சுருங்கக் கூறுவோம். ஆங்கில அரசாங்கத்தார் 1937-இல் எம். பி. ஈ. பட்டம் அளித்தனர். 1954-இல் லலித கலா அகாதெமி தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். 1957-இல் கலாசாலைப் பணியினின்றும் விலகினார். 1958-இல் பத்மபூஷண் விருதும், 1962-இல் அகாதெமியின் உறுப்பினர் பெருமையும் பெற்றார். பதவி நீங்கியபின்னரும் வேலை நிற்கவில்லை. தண்டி யாத்திரையைக் குறித்துக் காந்தியடிகள் முன்செல்லப் பத்துப்பேர் பின்தொடரும் பதினோர் உருவங்களைத் தில்லிக்காக வனையத் தொடங்கினார். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி அவர் காலமானார். அப்பதினோர் உருவங்கள் அவர் மறைந்தபின்னரே தில்லிச் சாலையில் நிறுவப்பட்டன. அவர் 28 ஆண்டு தலைமை வகித்த கலாசாலை இன்று அரசு கவின் கலைக் கல்லூரி என்னும் பெயரோடு பெரியமேட்டில் நடந்துவருகின்றது. சிற்பத்துக்கும் சுடுமட்கலைக்கும் அங்கே தனித்தனிப் பகுதிகள் உண்டு. பள்ளியிறுதித் தேர்வு தேறிய எவ்வூர்ப் பிள்ளையும் நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம்.